இளவரசிக்கு ஒரு வாரண்ட்

முந்நூறு வருடம் பின்னால் போய், ஒரு ராச்சியத்தைக் காப்பாற்றி, இளவரசி ஒருத்தியைக் காதலித்து, லீவு முடிவதற்குள் திரும்பி வந்து, திங்கட்கிழமை காலையில் கந்தோரில் நேரத்துக்குக் கையெழுத்தும் வைத்த மனிதர் இந்த இலங்கைத் தீவில் ஒரே ஒருவர்தான். அவர் நைட்மெயிலர். வேறு யாராவது அப்படிச் செய்ததாகச் சொன்னால் நம்பாதீர்கள். கையெழுத்து வைக்கிற இடத்தில் பிடிபட்டுவிடுவார்கள்.

இப்போது வருகிற கதைகளில் காலம் கடந்து போகிறவர்களைப் பார்க்கிறேன். ஒருவன் கண்ணாடிக்குள் நுழைகிறான். இன்னொருவன் ஏதோ யந்திரத்தில் ஏறிக் குந்துகிறான். லீவு யார் கொடுத்தது, டிக்கெட் எங்கே என்று கேட்பாரில்லை. நைட்மெயிலர் இந்த ஒழுங்கீனத்தைச் சகித்திருக்க மாட்டார். அவருடைய கதாநாயகன் முறைப்படி விண்ணப்பம் எழுதி, துரை ஒப்பம் வைத்து, ரயில் வாரண்ட் எடுத்துக்கொண்டுதான் சரித்திரத்துக்குள் போனான்.

வாரண்ட் என்றதும் பொலிஸை நினைக்க வேண்டாம். அரசாங்க உத்தியோகத்தர் லீவில் ஊருக்குப் போய்வர இலவசமாகக் கிடைக்கும் ரயில் சீட்டு அது. கொழும்பில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்தான் அதை விபூதிப் பையோடு சேர்த்து வைத்திருப்பான்.

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம். நான் கிளறிக்கல் சோதனை பாஸ் பண்ணி, ஒரு தகரப் பெட்டியும் ஒரு போத்தல் நல்லெண்ணெயுமாக வந்து வெள்ளவத்தையில் ஒரு சமறியில் சேர்ந்தேன். சமறி என்பது உத்தியோகத்தர் சிலர் சேர்ந்து வீடு எடுத்து, ஒரு சமையற்காரரையும் வைத்துக்கொண்டு, ஒருவர் குறட்டையை ஒருவர் பொறுத்து வாழும் ஏற்பாடு. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையில் கடைசிக்கு முந்திய வீடு எங்களுடையது. கடைசி வீட்டில் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவரும் அவருடைய மகளும் இருந்தார்கள். அதற்கப்பால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஆள் உயரத்தில் ஒரு மதில். அந்த மதிலைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சமறியில் என்னைத் தவிர இரண்டு உத்தியோகத்தர். ஒருவர் குடும்பஸ்தர். மனைவியையும் பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தவர், எங்களில் கலியாணம் முடித்த ஒரே ஆள், அதனாலேயே அந்தப் பெயர். மற்றவர் நைட்மெயிலர். மருதானை ரயில்வே கந்தோரில் டைம்டேபிள் பகுதி. மெலிந்த ஆள், வெள்ளைக் கோட்டு, சட்டைப் பையில் சங்கிலி போட்ட மணிக்கூடு. கடற்கரைப் பாதையில் ரயில் போகும் சத்தம் கேட்டால் சாப்பாட்டில் இருந்தாலும் இடது கையால் மணிக்கூட்டை எடுத்து, "ரெண்டு நிமிஷம் லேட்" என்பார். நேரத்துக்குப் போனால் ஒன்றும் சொல்லமாட்டார். எங்கள் சமறியில் அவர் மௌனமாக இருந்த நேரங்கள் மிகக் குறைவு.

இந்த மனிதர்தான் நாவல் எழுதினார். பெயர், "நல்லூர் இரத்தினநாச்சியார் அல்லது காலந்தவறிய நைட்மெயில்". அந்த நைட்மெயிலால்தான் அவருக்கு இந்தப் பட்டப்பெயர். நான் சமறிக்கு வந்தபோதே இரண்டு பாகம் முடிந்து, மூன்றாம் பாகத்தில் யானைகள் வந்துகொண்டிருந்தன. கதாநாயகன் கொழும்பு ரயில்வேயில் ஒரு கிளார்க். கதை முழுவதும் 'நான், நான்' என்று அவனே சொல்வதாகப் போகும். லீவில் ஊருக்குப் போக நைட்மெயிலில், அதாவது யாழ்ப்பாணம் போகும் இரவு ரயிலில், ஏறுகிறான். ஆனையிறவு தாண்டியதும் பெட்டியில் விளக்கு ஒருமுறை அணைந்து எரிகிறது. எரியும்போது அவனைத் தவிர ஒரு பிரயாணியும் இல்லை. ரயில் நிற்கிறது. எட்டிப் பார்த்தால் யாழ்ப்பாண அரசர் காலத்து நல்லூர். கோட்டை மதில், கொம்பு வாத்தியம், தீவட்டி.

புதுப்பெடியன் ஆகையால் நான் கேட்டுவிட்டேன்.

"அண்ணை, நல்லூரில ஸ்டேஷன் இல்லையே, றெயில் எப்பிடி நிண்டது?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, சிக்னல் விழாட்டி றெயில் எங்கையும் நிக்கும். அதுக்கு ஸ்டேஷன் தேவையில்லை. நீர் எந்த டிப்பார்ட்மெண்ட்?"

"திறைசேரி."

"அதுதான்" என்று சொல்லிவிட்டு வாசிப்பைத் தொடர்ந்தார்.

வாசிப்பு ஞாயிறு பின்னேரங்களில். மத்தியானம் நண்டுக் கறியோடு சாப்பிட்டுவிட்டுக் கண் சொருகும் நேரம் பார்த்து, விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போடுவார். மதில் பக்கமாகத் திருப்பிப் போடுவார். நாங்கள் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டுதான் கதை கேட்க வேண்டும். குரலோ ஒழுங்கை முனையில் ரொட்டி விற்கும் பாண்காரன் சைக்கிளை நிறுத்திக் கேட்கும் அளவுக்கு.

"ஐசே, நாங்கள் இஞ்சை பக்கத்திலதானே இருக்கிறம், ஏன் உந்தக் கத்துக் கத்துறீர்?" என்று குடும்பஸ்தர் கேட்பார்.

"கடல் இரைச்சல்" என்பார் நைட்மெயிலர்.

அந்தப் பாண்காரச் சிங்களவருக்குக் கதையில் ஒரு சொல் விளங்காது. ஆனால் யாரோ ஒரு பெண்ணுக்காக இந்த மனிதர் துடிக்கிறார் என்பது மட்டும் விளங்கியிருந்தது. திங்கட்கிழமை காலையில் பாணைக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, "மஹத்தயா, நோனா ஆவாத?" என்று கேட்பார், அம்மணி வந்துவிட்டாவா என்று. "தவம நே" என்று நைட்மெயிலர் தலையை ஆட்டுவார், இன்னும் இல்லை என்று. இரண்டு பேரும் ஒரு பெருமூச்சு விட்டுப் பிரிவார்கள்.

கதையில் வீரத்துக்கும் குறைவில்லை. எதிரியின் கப்பல்கள் கரைக்கு வருகின்றன. அரசனுடைய யானைப்படையோ ஒழுங்கு முறை இல்லாமல் ஒடுங்கிய பாதையில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கிறது. மந்திரிகள் கையைப் பிசைகிறார்கள். அப்போது நம்முடைய கிளார்க் முன்னால் வந்து, ஓலையும் எழுத்தாணியும் கேட்டு வாங்கி, யானைகளுக்கு ஒரு டைம்டேபிள் போடுகிறான். எந்த யானை எப்போது புறப்படுவது, எந்தக் குளத்தில் தண்ணீர் குடிப்பது, எதிரே வரும் யானைக்கு எங்கே ஒதுங்கி வழிவிடுவது, எல்லாம். யானைகள் நேரத்துக்கு வந்ததைப் பார்த்த அதிர்ச்சியிலேயே எதிரி பாதி செத்துப்போனான். அரசன் ஆனந்தக் கண்ணீரோடு, "வீரனே, பாதி ராச்சியம் தருகிறேன், இங்கேயே இருந்துவிடு" என்கிறான்.

நைட்மெயிலர் வாசிப்பை நிறுத்தி எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"கதாநாயகன் என்ன சொல்லியிருப்பான் எண்டு நினைக்கிறியள்?"

அவர் தாளைப் பார்த்து கம்பீரமாக வாசித்தார். "அரசே, பென்சனுக்கு இடமுண்டோ?"

அந்த இடத்தில் மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. போஸ்ட்மாஸ்டருடைய சிரிப்பு. அதோடு சேர்ந்து மெல்லிய இன்னொரு சிரிப்பும். நைட்மெயிலருடைய காது இரண்டும் சிவந்துவிட்டன. அந்தப் பந்தியை இன்னொரு தரம் வாசித்தார்.

எங்கள் சமையற்காரர் கந்தப்பு அண்ணை கதையைக் கேட்கவில்லை, அதற்குள் குடித்தனமே நடத்தினார். குசினி வாசலில் குந்தியிருந்து துவாயால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். துரோகி மந்திரி இளவரசியைச் சிறையில் போட்ட அன்று, அடுப்பை அணைத்துவிட்டுக் கட்டிலில் போய்ப் படுத்துவிட்டார்.

"பச்சைத்தண்ணி படாமல் அந்தப் பிள்ளை அங்கை கிடக்குது. உங்களுக்கு இஞ்சை றால் பொரியல் கேக்குதோ?"

"அண்ணை, அது கதை" என்றேன்.

"கதையெண்டால் பசியாதோ?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

அந்த வாரம் முழுவதும் காலி வீதிச் சைவக்கடையில் தோசை. இளவரசியைப் புதன்கிழமைக்கிடையில் விடுதலை செய்யும்படி நானும் குடும்பஸ்தரும் மன்றாடிப் பார்த்தோம். நைட்மெயிலர் அசையவில்லை. "அட்டவணையில ஞாயிற்றுக்கிழமைதான் போட்டிருக்கிறன். உங்கட வயித்துக்காகச் சரித்திரத்தை முன்னுக்குத் தள்ளேலாது." ஞாயிறு பின்னேரம் சிறைக் கதவு உடைந்தது. கந்தப்பு அண்ணை எழும்பிப் போய்ப் பாயாசம் வைத்தார்.

நாட்கள் போகப் போக ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. முந்நூறு வருடத்துக்கு முந்திய இந்த இளவரசி வெளியே போகும்போதெல்லாம் கறுப்புத் துணிக்குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனாள். அவளுடைய விரல்களில் எப்போதும் வெண்சுண்ணம் படிந்திருந்தது. வேகமாக நடப்பாள். படியாதவர்களைக் கண்டால் கோபிப்பாள்.

"ஐசே, அந்தக் காலத்தில கறுப்புக் குடை ஏது?" என்று குடும்பஸ்தரும் கேட்டார்.

"ராசாவுக்கு வெண்கொற்றக் குடை எண்டால் மகளுக்கு வேற நிறம்தானே" என்றார் நைட்மெயிலர்.

அடுத்த நாள் காலையில் வெள்ளவத்தை ஸ்டேஷனில் எனக்குக் கண் திறந்தது. போஸ்ட்மாஸ்டரின் மகள் பரமேஸ்வரி, பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ரீச்சர். நாங்கள் போகும் அதே ரயிலில்தான் போவா. கையில் கறுப்புக் குடை. விரல் நுனியில் வெண்கட்டித் தூள். பிளாட்போர்மில் அவ நிற்கும் இடத்திலிருந்து பத்தடி தள்ளி நைட்மெயிலர் நிற்பார். ரயில் வரும் திசையைப் பார்ப்பார், மணிக்கூட்டைப் பார்ப்பார், பிறகு ஒருவரையும் பாராமல் ஆகாயத்துக்குச் சொல்வார். "இண்டைக்குச் சரியான நேரம்."

அவ்வளவுதான். மூன்று வருடமாக அந்த மனிதர் ஒரு பெண்ணோடு கதைத்த காதல் மொழி முழுவதும் அதுதான். லேட்டான நாட்களில் அதுவும் கிடையாது. ரயில்வேயின் மானம் போகுமே என்று வாயை மூடிக்கொண்டு நிற்பார்.

குடும்பஸ்தரிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "உமக்கு இப்பதான் தெரியுமோ? பாண்காரனுக்கே தெரியும்" என்றார். "சொன்னால் அந்த மனுசன் வெக்கத்தில பதுளைக்கு மாத்தம் கேட்டுக்கொண்டு போயிடும். பேசாமல் இரும்."

பேசாமல்தான் இருந்தோம். அப்படியே இருந்திருப்போம், மலாயாக்காரன் குறுக்கிட்டிராவிட்டால்.

செய்தியைக் கொண்டுவந்தவர் கந்தப்பு அண்ணை. போஸ்ட்மாஸ்டர் வீட்டு வேலைக்காரப் பெண் மீன்காரனிடம் சொல்ல, இவர் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார். ரீச்சருக்கு மலாயாவில் மாப்பிள்ளை பேசியாயிற்று. நம்முடைய ஆட்கள்தான், அங்கே குடியேறிய குடும்பம். அடுத்த மாதம் கப்பலில் வந்து கலியாணம் முடித்துக் கையோடு கூட்டிக்கொண்டு போகிறான். இதெல்லாம் போதாதென்று, மாப்பிள்ளைக்கு உத்தியோகம் மலாயா ரயில்வேயில்.

நைட்மெயிலர் அப்போது சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிசைந்த கை நின்றது.

"அங்கத்தை றெயிலெல்லாம் நேரத்துக்கு ஓடுமாம்" என்று மட்டும் சொன்னார். கை கழுவிவிட்டு எழும்பிப் போனார்.

அந்த ஞாயிறு வாசித்த அத்தியாயத்தை நான் மறக்க மாட்டேன். கடலுக்கு அப்பால் கடாரத்திலிருந்து ஓர் இளவரசன் கப்பலில் வந்து இறங்குகிறான். நல்ல நிறம், நிறையச் சொத்து, ஒரு குறையும் சொல்ல முடியாத பிள்ளை. அரசன் மகளை அவனுக்கே கொடுப்பதென்று தீர்மானிக்கிறான். நம்முடைய கிளார்க்குக்கோ லீவு முடிகிறது. வாரண்டில் திரும்பி வருவதற்குரிய பாதி அன்றோடு காலாவதி. பிந்தினால் உத்தியோகம் போய்விடும். கோட்டை வாசலில் ரயில் புகைந்துகொண்டு நிற்கிறது. இளவரசி உப்பரிகையில் நிற்கிறாள், கறுப்புக் குடையோடு.

"நாச்சியாரே, என் உயிரை உன்னிடம் விட்டுவிட்டு வெறும் உடலோடு மருதானைக்குத் திரும்புகிறேன்..." நைட்மெயிலரின் குரல் உடைந்தது. குசினி வாசலில் கந்தப்பு அண்ணை விம்மினார்.

அப்போது மதிலுக்கு அப்பால் இருந்து ஒரு குரல் கேட்டது. தெளிவான, வகுப்பில் கேள்வி கேட்கிற குரல்.

"மன்னிக்க வேணும். அந்த மனுசன் அவவிட்டை ஒரு சொல்லும் கேளாமலே றெயில் ஏறிப் போறாரோ?"

நைட்மெயிலர் எழும்பி நின்றார். மதிலைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"வாரண்ட்... வாரண்ட் ஒராளுக்குத்தான், ரீச்சர்."

"அப்ப அவ கடாரத்துக்குப் போகவேண்டியதுதான்?"

"சரித்திரத்தில அப்பிடித்தான்..."

"நல்ல சரித்திரம்!" அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் படாரென்று மூடியது.

அந்த நேரம் பார்த்துக் கடற்கரை ரயில் ஒன்று போனது. நைட்மெயிலர் பழக்கதோஷத்தில் மணிக்கூட்டை எடுத்தார். கண்ணீரால் அது தெரியவில்லை போலும், கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோனார். "ஒரு நிமிஷம் லேட்" என்றார். அழுகிற குரலில் அதைச் சொன்ன மனிதரை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

குடும்பஸ்தருக்குப் பொறுமை போய்விட்டது. வெற்றிலையை முற்றத்தில் துப்பிவிட்டு வந்து முன்னால் நின்றார்.

"ஐசே, நீர் டைம்டேபிள் பகுதியில எத்தினை வருசம்? வாரண்ட் ஒராளுக்குத்தான் எண்டு உமக்கு ஆர் சொன்னது? என்ர மனுசி பிள்ளையள் கொழும்பு பார்க்க வந்து போனதெல்லாம் என்னத்தில? மாட்டு வண்டிலிலையோ?"

நைட்மெயிலர் விழித்தார்.

"உத்தியோகத்தருக்கும் உண்டு, மனுசிக்கும் உண்டு. சட்டத்தில அடுத்த பிரிவே அதுதான். வாசிக்கேல்லையோ?"

"அது... அது எனக்குச் சம்பந்தமில்லாத பிரிவெண்டு நான் பார்க்கேல்லை" என்றார் நைட்மெயிலர்.

எந்த ரயில் எந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிஷம் நிற்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர். சட்டப் புத்தகத்தின் அடிக்குறிப்புகள் வரை பாடமாக வைத்திருந்தவர். மனைவி என்ற தலைப்பு வந்த இடத்தில் மட்டும், நமக்கு இது எங்கே வாய்க்கப் போகிறது என்று தாளைத் திருப்பியிருக்கிறார். அதை நினைக்க எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

கொஞ்ச நேரம் யோசித்தார். முகத்தில் வெளிச்சம் வந்தது, உடனே போய்விட்டது.

"அது சரிவராது. மனுசி எண்டு காட்ட எழுத்து முடிச்ச பத்திரம் வேணும். முந்நூறு வருசத்துக்கு முந்தி நல்லூரில றெஜிஸ்திரார் ஏது?"

"நல்லூரில இல்லாட்டி என்ன ஐசே" என்றார் குடும்பஸ்தர். "வெள்ளவத்தையில இருக்கிறாரே."

நைட்மெயிலர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கந்தப்பு அண்ணை பல்லெல்லாம் தெரியத் தலையை ஆட்டினார். தன்னுடைய இரகசியத்தை ஒழுங்கை முழுவதும் வைத்துக் காப்பாற்றியிருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. கதிரையில் இருந்துவிட்டார்.

"சட்டத்தில இடமிருக்குத்தானே?" என்று கடைசியாக ஒருமுறை கேட்டார்.

"இருக்கு."

"அப்ப சரி" என்று எழும்பிக் கோட்டைப் போட்டார். சட்டத்தில் இடம் இருக்கிறதென்று தெரிந்துவிட்டால் அந்த மனிதருக்கு யானைப்படையின் துணிவு வந்துவிடும்.

மூவருமாகப் போனோம். போஸ்ட்மாஸ்டர் கதிரை காட்டினார். குடும்பஸ்தர் விஷயத்தை மெல்லத் தொட்டார். கேட்டுக்கொண்டிருந்த போஸ்ட்மாஸ்டரின் மீசை துடித்தது.

"நானும் முதல்ல இவரைத்தான் நினைச்சனான். நல்ல உத்தியோகம், எங்கட பகுதி ஆள். சாதகம்கூட எடுப்பிச்சுப் பார்த்தனான், பொருந்துது. ஆனால் தெரிஞ்சுகொண்டு பிள்ளையைக் கிணத்தில தள்ளலாமோ?"

"ஏன் ஐயா?" என்றேன் நான்.

"ஏனோ? நல்லூரில ஒரு தொடுப்பு வைச்சிருக்கிறார்! அதையும் ஒளிச்சு மறைச்சோ? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஊர் கேக்கக் கத்துறார், உயிரை உன்னட்டை விட்டிட்டு வாறன் எண்டு. மானரோசமுள்ள மனுசன் செய்யிற வேலையோ?"

நைட்மெயிலருக்கு வியர்த்தது. "ஐயா, அப்பிடியில்லை ஐயா. அவ... அவ செத்துக் கனகாலம்..."

போஸ்ட்மாஸ்டர் துள்ளி எழுந்தார். "செத்துப்போச்சோ! அப்ப நீர் தாரமிழந்தவர். இரண்டாந்தாரத்துக்கோ என்ர பிள்ளையைக் கேட்டு வந்தனீர்?"

வந்த வழியே எழும்பிப் போவதா, காலில் விழுவதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, உள் கதவுத் திரையை விலக்கிக்கொண்டு பரமேஸ்வரி ரீச்சர் வந்தா.

"அப்பா, அது கதை. அவர் எழுதுற கதை."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"முதலாம் அத்தியாயத்திலயிருந்து மதிலுக்கு இஞ்சாலை இருந்து கேட்டனான். யானையளுக்கு டைம்டேபிள் போட்டதுக்கு நீங்களும் விழுந்து விழுந்து சிரிச்சனீங்களே."

போஸ்ட்மாஸ்டர் நைட்மெயிலரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். மெதுவாகக் கதிரையில் இருந்தார். "அந்த யானைக் கதையும் இவர்தானோ? அதை நான் றேடியோ எண்டெல்லே நினைச்சனான்."

ரீச்சர் அதைக் காதில் வாங்கவில்லை. நைட்மெயிலரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றா. பத்தடி தூரமும் மதிலும் இல்லாமல் அவர்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்றது அதுதான் முதல் தடவை.

"ஒண்டு கேக்கிறன். அந்தக் குடை என்ர குடைதானே?"

பாகம் பாகமாக எழுதிக் குவித்த மனிதர். ஒரு சூரிய உதயத்தை வர்ணிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்ட மனிதர்.

"ஓம்" என்றார்.

மலாயாவுக்குத் தந்தி போனது. பழைய போஸ்ட்மாஸ்டர் அல்லவா, ஒரு சொல் வீணாக்காமல் விஷயத்தை முடித்துவிட்டார். அந்தக் கடாரத்து இளவரசன் நல்ல பிள்ளையாம், இரண்டு மாதத்தில் வேறு இடத்தில் முடித்துக்கொண்டான் என்று கேள்விப்பட்டோம்.

எழுத்து வெள்ளவத்தையில், தாலிகட்டு பம்பலப்பிட்டிக் கோயிலில். பந்தியில் பாண்காரருக்குத் தலைவாழை இலை போட்டு முன் வரிசையில் இருத்தினோம். அவர் மணவறையைச் சுட்டிக்காட்டி, "நோனா ஆவா!" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

பெண் மாப்பிள்ளையை முதன்முதல் ஊருக்கு அனுப்பி வைக்க நாங்கள் எல்லோரும் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனுக்குப் போனோம். விளக்கு வைக்கும் நேரம். நைட்மெயிலர் கோட்டுப் பையிலிருந்து வாரண்டை எடுத்து விரித்து, அரசன் கொடுத்த பட்டயம் போல இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினார். "உத்தியோகத்தரும் மனைவியும்" என்று எழுதியிருந்தது. அந்த இரண்டாவது சொல்லின்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். குடும்பஸ்தர் முதுகில் தட்டி, "மடிச்சு வையும் ஐசே, மை அழிஞ்சிடும்" என்றார். அவருடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

கந்தப்பு அண்ணை ஜன்னலோரம் போய்க் கேட்டார். "தம்பி, கதை முடிவு என்ன மாதிரி? அந்தப் பிள்ளை என்ன ஆச்சு?"

நைட்மெயிலர் மனைவியைப் பார்த்தார்.

"அவ கடாரத்துக்குப் போகேல்லை, அண்ணை. இப்போதைக்கு அவ்வளவு காணும்" என்றா ரீச்சர். மழை இல்லை, வெயிலும் இல்லை. ஆனாலும் கறுப்புக் குடை மடியில் இருந்தது.

கார்ட் விசில் ஊதினார். அன்று நைட்மெயில் லேட்டாகத்தான் புறப்பட்டது. ஸ்டேஷன் மணிக்கூட்டில் எனக்கே தெரிந்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன், இப்போது சொல்லுவார், இப்போது சொல்லுவார் என்று. அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மனைவிக்குக் காற்றுப் படுகிறதா, ஜன்னல் கதவைக் கொஞ்சம் தாழ்த்தட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டி எங்களைக் கடந்து போனபோதும் மணிக்கூடு பையிலேதான் இருந்தது.

நாவலின் கடைசி அத்தியாயத்தை அவர் எழுதவேயில்லை. ஊரிலிருந்து திரும்பியதும் இருவரும் ஹெவ்லொக் டவுனில் வீடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ரயில் சத்தம் கேட்காத வீடு.

அவர்கள் ஊருக்குப் போன அந்த ஞாயிறு, நண்டுக் கறி சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல விறாந்தையில் வந்து இருந்தோம். சாய்மனைக் கதிரை மதிலைப் பார்த்தபடி வெறுமையாகக் கிடந்தது. திருப்பிப் போட ஒருவருக்கும் மனம் வரவில்லை. நாலு மணி போலக் கடற்கரை ரயில் போனது. நாங்கள் மூவரும் பேச்சை நிறுத்திக்கொண்டு காத்திருந்தோம். ரயில் போய், சத்தமும் போய், கடல் இரைச்சல் திரும்ப வந்தது. கடைசியில் கந்தப்பு அண்ணைதான் பொறுக்கமாட்டாமல், அந்தக் கதிரையைப் பார்த்துக்கொண்டே, "லேட்டாத்தான் இருக்கும்" என்றார்.

"ஓம், லேட்" என்றேன் நான்.